இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபத்திடம் போகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உங்களோடு வசிக்கும் தாயாருக்கு வயது 67. மூன்று மாதமாக இடுப்பு வலி. ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பரிசோதித்துவிட்டு, அஞ்சத்தக்க அறிகுறி எதுவும் இல்லை என்று சொல்லி, வலி மாத்திரையும் சில பயிற்சிகளும் தந்திருக்கிறார். அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். தரும் பிசியோதெரபிக்கு இன்னும் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் ஆஸ்டியோபத்தை, அதாவது தசை, மூட்டு வலிகளுக்குக் கைகளால் சிகிச்சை தருபவரை, பற்றி நண்பர் சொல்லியிருக்கிறார். அவரிடம் போகலாமா, அது உண்மையான மருத்துவம்தானா, அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பெண் தன் பெயருக்குப் பின்னால் போடும் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமும் இதுவும் ஒன்றா, ஊரில் சுளுக்கு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். இதயத் துடிப்புச் சீரின்மைக்காக அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்பதை கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் அந்த வரிக்குத்தான் முதல் இடம்.

நான் இங்கிலாந்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் ஓர் ஆஸ்டியோபத்துடன் ஒரே கிளினிக்கில், ஒரு மெல்லிய சுவர் மட்டுமே இடையில் இருக்க, வேலை செய்தேன். அந்த அனுபவத்தையும் ஆய்வுகளையும் சேர்த்து வைத்துச் சொல்கிறேன்: போகலாம். ஆனால் ஜி.பி. தந்த கவனிப்புக்கும் பயிற்சிக்கும் துணையாகத்தான் போக வேண்டும். அவற்றை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அம்மாவின் வயதும் அந்த மாத்திரையும் முதல் நாளே அந்த ஆஸ்டியோபத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்டியோபதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது எளிதாகப் புரியும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். கான்சஸ் பகுதியில் மருத்துவம் பார்த்தவர். உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்றவர். 1864-இல் மூளைச் சவ்வுக் காய்ச்சல் பரவியபோது அவருடைய மூன்று குழந்தைகள் இறந்தார்கள். தான் கற்ற மருத்துவத்தில் எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை என்ற துயரத்திலிருந்துதான் அவருடைய தேடல் தொடங்கியது. அந்தக் கால மருந்துப் பெட்டியில் இருந்தவை பாதரசமும் அபினும்; அவற்றோடு இரத்தம் வடிய விடுதலும் இருந்தது. எலும்பும் தசையும் தம் இடத்தில் ஒழுங்காக இருந்து, இரத்தம் தடையின்றி ஓடினால் உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்து, 1874-இல் அதை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் திறந்தார். பெண்களையும் முதல் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

ஸ்டில்லின் கொள்கை எல்லா நோய்க்கும் பொருந்தும் என்று அவர் நம்பினார். அது பொருந்தாது என்று இன்று நமக்குத் தெரியும். இருந்தும் நோயாளிகள் அவரைத் தேடி ரயிலேறிக் கர்க்ஸ்வில்லுக்குப் போனார்கள். இதற்கு நான் காணும் காரணங்கள் இரண்டு. முதுகும் மூட்டும் வலித்தவர்களுக்கு அவர் கைகள் உண்மையாகவே உதவியிருக்கும். மற்றவர்களைப் பொறுத்தவரை, பாதரசம் கொடுக்காமல் விட்டதே அந்தக் காலத்தில் பெரிய உதவி. ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் சரியாகிவிடாது. ஆஸ்டியோபதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் உறவுக்காரப் பெண்ணின் பட்டம். ஸ்டில் தொடங்கிய மரபு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இரு வேறு தொழில்களாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் படிப்படியாக மருந்தியலையும் அறுவை சிகிச்சையையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டு முழு மருத்துவக் கல்லூரிகளாகிவிட்டன. 1962-இல் கலிபோர்னியாவில், 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலைகூட வந்தது. இன்று அங்கே டி.ஓ. என்பவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எம்.டி.க்கு இருக்கும் அதே உரிமைகள் அவருக்கும் உண்டு. அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்தப் பட்டத்துக்குத்தான் படிக்கிறார்கள். கைவழிச் சிகிச்சையை அவர்கள் கூடுதல் பாடமாகக் கற்கிறார்கள். பின்னாளில் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே உங்கள் உறவினர் ஒரு முழு மருத்துவர். பக்கத்துத் தெருவில் இருப்பவர் அப்படியல்ல. அவர் கைகளால் மட்டும் சிகிச்சை தரும் ஒரு துறையின் வல்லுநர்.

பிரிட்டனுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிளாஸ்கோவில் பிறந்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான். கர்க்ஸ்வில்லில் படித்துத் திரும்பிய அவர் 1917-இல் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். சட்ட அங்கீகாரம் கேட்டு 1935-இல் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக் குழுமுன் ஆஸ்டியோபத்துகள் நின்றபோது, குறுக்கு விசாரணையைத் தாங்க முடியாமல் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1993-இல்தான் ஆஸ்டியோபத்துகள் சட்டம் நிறைவேறியது. அதன்படி பொது ஆஸ்டியோபதி மன்றம் என்ற ஒழுங்காற்று அமைப்பு உருவாயிற்று. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தன்னை ஆஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்வது இந்நாட்டில் குற்றம். பதிவு பெற நான்கைந்து ஆண்டுப் பட்டப்படிப்பும், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரப் பயிற்சியும் வேண்டும். 2017 முதல் இங்கிலாந்தின் என்.எச்.எஸ். அவர்களைத் துணைநிலை மருத்துவ வல்லுநர்கள் வரிசையில் வைத்திருக்கிறது. இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அந்த அறையில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சமும் ஏமாற்றமும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. முதல் சந்திப்பில் பாதி நேரம் கேள்விகளிலேயே போகும்: வலி எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, எடை குறைந்ததா, காலில் மரத்துப் போகிறதா, சிறுநீர் மலம் போவதில் மாற்றம் உண்டா, என்னென்ன மாத்திரைகள். பிறகு நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பார். குனிய, நிமிர, பக்கவாட்டில் சாயச் சொல்வார். அடுத்துக் கட்டிலில் படுக்க வைத்து, இரு கட்டைவிரல்களாலும் முதுகெலும்பின் இரு மருங்கும் ஒவ்வொரு முள்ளெலும்பாக இறங்கி வருவார். நான் பார்த்த அந்த ஆஸ்டியோபத் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். தசை எங்கே கயிறு போல இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் மூச்சு நிற்கிறது என்பதை அவர் விரல்களாலேயே தேடுவார். அதன் பிறகுதான் சிகிச்சை: தசையைக் குறுக்காக நீவுதல், மூட்டை அதன் எல்லைக்குள் மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைத்தல், நோயாளி எதிர்த்து அழுத்த அழுத்தத் தசையைத் தளரச் செய்தல். இவற்றோடு, சிலருக்கு மட்டும், ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்பைத் திருப்பி ஒரே ஒரு குறுகிய, வேகமான தள்ளு.

அந்தத் தள்ளில்தான் ‘சடக்’ என்ற ஒலி கேட்கும். எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய ஒலி அது என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படியல்ல. மூட்டின் இரு பரப்புகள் சட்டென்று விலகும்போது, மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரல் மூட்டை இழுத்து, ஒலி எழும் கணத்தில் அந்தக் குழி தோன்றுவதைப் படம் பிடித்தார்கள். நாம் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே ஒலிதான். ஒலி வராவிட்டாலும் பலன் குறைவதில்லை. ஒலி வந்ததால் எதுவும் ‘சரியாகி’ விடுவதுமில்லை.

இந்த இடத்தில் எனக்கு உள்ள ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “டிஸ்க் விலகிவிட்டது”, “இடுப்பெலும்பு பிசகியிருக்கிறது” என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறோம். சில ஆஸ்டியோபத்துகளும் இதே தொனியில் பேசுகிறார்கள். முள்ளெலும்புகளை வலுவான தசைநார்கள் கட்டி வைத்திருக்கின்றன. குனிந்து வாளி தூக்கியதால் அவை இடம் பெயர்ந்து நிற்பதில்லை. அப்படி உண்மையிலேயே பெயர்ந்திருந்தால் அது விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கு உரிய காரியம். கையால் தள்ளும் காரியமல்ல. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரையில், இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பதைப் போன்றது அது. ‘என் முதுகு பிசகியிருக்கிறது’ என்று நம்பத் தொடங்கிய ஒருவர் குனிய அஞ்சுவார், நடக்க அஞ்சுவார், வாரா வாரம் யாராவது ‘எடுத்துவிட’ வேண்டும் என்று காத்திருப்பார். அந்த அச்சம் பல வேளைகளில் மூல வலியைவிட நீண்ட நாள் நீடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சிகிச்சை எப்படித்தான் வேலை செய்கிறது? தொடுதலும் அசைவும் நரம்பு மண்டலத்துக்கு அனுப்பும் செய்திகள் வலியுணர்வைச் சிறிது நேரம் தணிக்கின்றன. இறுகிய தசை தளர்கிறது. அந்த இடைவெளியில் அசையத் துணிவு வருகிறது. அந்தத் துணிவைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பயிற்சி செய்தால், பலன் நிலைக்கிறது. படுத்தே இருந்துவிட்டால் கரைந்துவிடுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரை இடுப்பு வலி இருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஆஸ்டியோபதிக் கைவழிச் சிகிச்சையும் மற்றொரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவமும் தந்தது. பன்னிரண்டு வாரங்களில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். ஆனால் ஆஸ்டியோபதி பெற்றவர்கள் குறைவான மருந்தே எடுத்தார்கள். பிரிட்டனில் 1,334 பேரை வைத்து நடந்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வில், ஆஸ்டியோபத், கைரோபிராக்டர் (முதுகெலும்புக்குக் கைவழிச் சிகிச்சை தரும் இன்னொரு தொழிலினர்), பிசியோதெரபிஸ்ட் ஆகிய மூன்று தொழிலினரும் ஒப்புக்கொண்ட கைவழிச் சிகிச்சை, வழக்கமான ஜி.பி. கவனிப்பைவிட, அன்றாட இடர்ப்பாட்டை அளக்கும் 24 புள்ளி அளவுகோலில் மூன்று மாதத்தில் ஒன்றரைப் புள்ளி அளவுக்கும், ஓராண்டில் ஒரு புள்ளி அளவுக்கும் கூடுதல் முன்னேற்றம் தந்தது. 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு இன்னும் கடுமையான சோதனை. 400 பேரில் பாதிப்பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி, மீதிப்பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் மென்தொடுகை. அன்றாட வேலைகளில் ஏற்படும் இடர்ப்பாட்டை நூறு புள்ளியில் அளந்தபோது, இரு பிரிவுக்கும் இடையே மூன்று புள்ளி சொச்சமே வேறுபாடு. நோயாளி தன் வாழ்க்கையில் உணரக்கூடிய வேறுபாடு அது அல்ல என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. இடுப்பு வலிக்குக் கைவழிச் சிகிச்சை, நாம் பரிந்துரைக்கும் மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமமானது. அவற்றைவிட உயர்ந்தது அல்ல. அதன் பலனில் ஒரு பங்கு நுட்பத்தால் வருகிறது. இன்னொரு பங்கு, ஒருவர் அரை மணி நேரம் முழுக் கவனத்தோடு கேட்டு, தொட்டு, நம்பிக்கை சொல்வதால் வருகிறது. அந்த இரண்டாவது பங்கை நான் இழிவாகச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் ஜி.பி. அறையை விட்டு வெளியே வர வேண்டிய ஒரு மூதாட்டிக்கு அது பெரிய விஷயம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சைத் தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே கைவழிச் சிகிச்சையைக் கருதலாம் என்கிறது. துணையாகப் போங்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

முதுகு, கழுத்து, மூட்டு ஆகியவற்றைத் தாண்டி ஆஸ்த்மா, செரிமானக் கோளாறு, குழந்தையின் வயிற்றுவலி என்று எதையாவது குணப்படுத்துவதாக அந்த ஆஸ்டியோபத் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். குறிப்பாகக் கபால ஆஸ்டியோபதி. ஸ்டில்லின் மாணவர் வில்லியம் கார்னர் சதர்லேண்ட், மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துவாய்கள் அசைவதற்கென்றே அமைந்தவை என்று கருதி உருவாக்கியது அது. மண்டையோட்டில் ஒரு தாள அசைவை விரல்களால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்கிறார்கள். ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே தொட்டுப் பார்த்த சோதனைகளில் அவர்கள் உணர்ந்த தாளங்கள் ஒத்துப்போகவில்லை. அந்தச் சிகிச்சைக்குப் பணம் செலவழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆபத்துகளைப் பற்றி. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல் வலிப்பதும் அயர்வதும் கணிசமானோருக்கு வருவதுண்டு. அது தானே போய்விடும். கடுமையான கேடுகள் மிக அரிது, ஆனால் இருக்கின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும் தள்ளுக்குப் பின் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே கிழிசல் தொடங்கியதால் கழுத்து வலித்து அதற்காகவே சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம் என்பதால், காரணத்தை அறுதியிடுவது கடினம். அப்படியிருந்தும் என் தாயாராக இருந்தால் அந்தக் கழுத்துத் தள்ளுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் தாயார் உறைவெதிர் மாத்திரை எடுப்பதால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. மாதவிடாய் நின்று ஆண்டுகள் ஆன வயதில் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே இடுப்பிலும் வேகத் தள்ளு வேண்டாம், மென்மையான முறைகள் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நல்ல ஆஸ்டியோபத்துக்கு இதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

எங்கள் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபதைக் கடந்த ஓர் அம்மா, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், நடு முதுகில் வலி என்று வந்தார். தோட்டத்தில் பூந்தொட்டியை நகர்த்திய மறுநாளிலிருந்து வலி. அந்த ஆஸ்டியோபத் வழக்கம்போல் கேள்விகள் கேட்டார். பிறகு விரல் முட்டியால் முதுகெலும்பை மேலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அந்த அம்மா “ஐயோ!” என்று கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றினார். ஆஸ்டியோபத் உடனே கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் தொடவில்லை. மொழிபெயர்க்க என்னை அழைத்தார், ஜி.பி.க்கு அங்கேயே கடிதம் எழுதினார்; கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று எலும்புத் தேய்வால் நசுங்கியிருந்தது. அன்று அவர் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். ஓர் ஆஸ்டியோபத்தின் திறமையை அன்று முதல் நான் அவர் யாரைத் தொடாமல் அனுப்புகிறார் என்பதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஊரில் சுளுக்கு எடுப்பவருக்கும், தொக்கணம் (உடலை நீவி அழுத்தும் சிகிச்சை) செய்யும் சித்த மருத்துவருக்கும், புத்தூரில் எலும்பு கட்டுபவருக்கும் ஆஸ்டியோபத்துக்கும் கைத்திறன் என்ற அளவில் உறவு உண்டு. ஸ்டில்லே தொடக்க காலத்தில் தன்னை ‘மின்னல் வேக எலும்பு வைத்தியர்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்டவர்தான். வேறுபாடு கைக்கு வெளியே இருக்கிறது: எது தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று கண்டறியும் பயிற்சி, எழுதி வைக்கும் மருத்துவக் குறிப்பு, தவறு நடந்தால் முறையிட ஒரு மன்றம், கட்டாயக் காப்பீடு.

அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உடன் நீங்கள் அறைக்குள் இருங்கள். அது அவருடைய உரிமை. முதுகைப் பார்க்க மேலாடையைத் தளர்த்தச் சொல்வார்கள். புடவையோடு போனால் சங்கடம், முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டையும் நெகிழ்வான காற்சட்டையும் எளிது. பெண் ஆஸ்டியோபத் வேண்டும் என்று கேட்கலாம். போர்த்திக்கொள்ள துண்டு கேட்கலாம். எந்தக் கணத்திலும் “நிறுத்துங்கள்” என்று சொல்ல அம்மாவுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லையாவது, ‘ஸ்டாப்’ என்று, முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். நம் அம்மாக்கள் வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

முன்பதிவு செய்யுமுன் பொது ஆஸ்டியோபதி மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். மாத்திரைகளின் பட்டியலையும் ஜி.பி. சொன்னவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் நாளிலேயே பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். மூன்று நான்கு அமர்வுகளில் அம்மா முன்பைவிடச் சற்று அதிக தூரம் நடக்கிறாரா, இரவில் திரும்பிப் படுக்க முடிகிறதா என்று பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மீண்டும் ஜி.பி.யிடம் போங்கள். பிசியோதெரபிக்கான வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டாம்.

அமர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொடை இடுக்கிலோ மலவாயைச் சுற்றியோ மரத்துப் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலும், கால்கள் திடீரென்று வலுவிழந்தாலும், எந்த ஆஸ்டியோபத்துக்கும் தொலைபேசி செய்து காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். முதுகுத்தண்டின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்கும்போது அது விடுபட மணிக்கணக்கில்தான் அவகாசம் இருக்கிறது.